லெட்ஜரிலிருந்து கணினிக்கு: வங்கி ஊழியர்கள் எதிர்த்ததும் ஒத்துக்கொண்டதும்

ஒரு நிறுவனத்துக்குள் புதிய இயந்திரமோ மென்பொருளோ வரப்போகிறது என்றால், நிர்வாகம் முதலில் கூப்பிடுவது ஆலோசகரை. அவர் திரையில் ஓட்டிக் காட்டும் பக்கங்களில் ‘மாற்றத்துக்கு எதிர்ப்பு’ என்று ஒன்று தவறாமல் இருக்கும். எதிர்ப்புக்குக் காரணம் பயம், அறியாமை, பழக்கதோஷம். அதற்குத் தீர்வு விளக்கக் கூட்டம், இரண்டு நாள் பயிற்சி, கொஞ்சம் இனிப்பான பேச்சு. எதிர்க்கிறவருக்குக் குறை இருக்கிறது, அதைச் சரிசெய்தால் போதும் என்பதுதான் இதற்குள் இருக்கும் எண்ணம்.

இந்தியப் பொதுத்துறை வங்கிகள் கணினிக்கு மாறிய கதையைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தவர்களால் இதை ஏற்றுக்கொள்வது கடினம். அங்கே ஊழியர்கள் அறியாமையால் எதிர்க்கவில்லை. கணினி எந்த வேலையைச் சாப்பிடும் என்பது அவர்களுக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது. எதிர்த்தவர்களை வழிக்குக் கொண்டுவந்ததும் விளக்கக் கூட்டங்கள் அல்ல. கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள்.

கதை ஆயுள் காப்பீட்டுத் துறையில் தொடங்குகிறது. 1956இல் உருவான எல்.ஐ.சி., 1960களின் நடுவில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெரிய கணினிகளை நிறுவ முனைந்தது. பாலிசிப் பதிவேடுகளையும் பிரீமியக் கணக்கையும் எழுதிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான எழுத்தர்களின் வேலைதான் அந்தக் கணினிக்கு என்று குறிக்கப்பட்ட வேலை. கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் என்ற கட்டடத்துக்குள் கணினி நுழைந்துவிடக் கூடாது என்று ஊழியர்கள் மாதக்கணக்கில் இரவும் பகலும் வாசலில் காவல் இருந்தார்கள். படித்த இளைஞர்கள் வேலையில்லாமல் தெருவில் நின்ற காலம் அது. ஊர் மக்களின் அனுதாபமும் காவல் இருந்தவர்கள் பக்கமே இருந்தது. எல்.ஐ.சி. அங்கே நினைத்ததைச் செய்ய முடியவில்லை. விவகாரம் முற்றி, பேராசிரியர் வி. எம். தாண்டேகர் தலைமையில் தானியங்கிமயமாக்கல் குறித்து 1969இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1972இல் வந்தது. ஓர் அலுவலக இயந்திரம் வரலாமா கூடாதா என்பதை ஆராய நாட்டின் முன்னணிப் பொருளாதார அறிஞர் ஒருவரை உட்கார வைக்க வேண்டியிருந்தது என்றால், பிரச்சினையின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த எதிர்ப்புக்குப் பின்னால் வெறும் கோபம் மட்டும் இல்லை, சட்டமும் கொள்கையும் இருந்தன. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசும் முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து ஒரு நிலைப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். நவீன இயந்திரங்கள் வரலாம். ஆனால் இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு வேலையோ வருமானமோ போகக் கூடாது. கிடைக்கும் ஆதாயம் முதலாளி, தொழிலாளி, சமூகம் ஆகிய மூவருக்கும் நியாயமாகப் பங்காக வேண்டும். வேலைப்பளுவை இரு தரப்பும் ஏற்ற நிபுணர்கள் அளந்து சொல்ல வேண்டும். இதற்கு முன்பே, தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவும் நான்காவது அட்டவணையும், ஆட்குறைப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய இயந்திர, தொழில்முறை மாற்றம் எதையும் ஊழியர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தன. ஆகவே சங்கங்கள் ‘வேண்டாம்’ என்றபோது, பேரத்துக்கான மேசை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

இனி ஒரு வங்கிக் கிளைக்குள் போவோம். 1980களின் தொடக்கம். 1969 ஜூலையில் 14 வங்கிகளும் 1980 ஏப்ரலில் மேலும் 6 வங்கிகளும் அரசுடைமை ஆகியிருந்தன. கிளைகள் பெருகிவிட்டன; கணக்குகள் அதைவிடப் பெருகிவிட்டன. பணம் எடுக்க வந்தவர் சீட்டைக் கொடுத்துவிட்டு ஒரு பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருவார். சீட்டு லெட்ஜர் எழுத்தரிடம் போகும். அவர் கனத்த லெட்ஜரைப் புரட்டி, பக்கத்தைக் கண்டுபிடித்து, பற்று எழுதி, இருப்பைக் கழித்துப் போடுவார். அதிகாரி கையெழுத்தைச் சரிபார்த்துச் சுருக்கொப்பம் வைப்பார். பிறகுதான் அது கேஷியரின் கூண்டுக்குப் போகும். டோக்கன் எண்ணைக் கூவுவார்கள்.

நாள் வேலை இது. உண்மையான சோதனை மாதக் கடைசியில் வரும் ‘பேலன்சிங்’. லெட்ஜரில் உள்ள நூற்றுக்கணக்கான கணக்குகளின் இருப்புகளைத் தனிப் புத்தகத்தில் எழுதிக் கூட்ட வேண்டும். வரும் தொகை, கிளையின் மொத்தக் கணக்கைக் காட்டும் பொதுப் பேரேட்டில் உள்ள தொகையோடு ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் ஒத்துப்போகாது. அப்போதுதான் கிளையின் மூத்த எழுத்தரைத் தேடுவார்கள். வித்தியாசத் தொகையைப் பார்த்ததும் அவர் மனத்துக்குள் வகுத்துப் பார்ப்பார். 9ஆல் மீதியின்றி வகுபட்டால், யாரோ இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வேண்டும். 450 என்பதை 540 என்று எழுதினால் வித்தியாசம் 90. இரட்டைப்படை எண்ணாக இருந்தால், அதில் பாதித் தொகையைத் தேடச் சொல்வார். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் வித்தியாசம் இரு மடங்காகத்தானே வரும்? இந்தச் சூத்திரங்கள் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் தொடங்கியவை அல்ல. கை பழகி, கண் பழகி, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்தவை. தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவருக்கு அந்தக் கிளையில் மேலாளருக்கு அடுத்த மரியாதை.

கணினி முதலில் தின்றது இந்த மரியாதையைத்தான். கூட்டல் பிழையே செய்யாத இயந்திரத்துக்கு முன்னால், பிழை கண்டுபிடிப்பதில் வல்லவருக்கு என்ன வேலை? 25 ஆண்டு அனுபவம் ஒரே நாளில் செல்லாக்காசாகும். நேற்றுச் சேர்ந்த பையன் விசைப்பலகையில் வேகமாகத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதைச் சங்கக் கூட்டத்தில் யாரும் எழுந்து சொல்ல மாட்டார்கள். அங்கே வேலைவாய்ப்பு, ஆட்குறைப்பு, பதவி உயர்வு என்றுதான் பேசுவார்கள். பேசப்படும் காரணமும் பேசப்படாத காரணமும் இரண்டுமே உண்மை. மேலாளர்கள் பெரும்பாலும் முதலாவதற்கு மட்டும் பதில் தயாரித்துக்கொண்டு போகிறார்கள். இன்னும் மோசமான மேலாளர்கள், இரண்டாவதைக் கண்டுபிடித்துவிட்டால் முதலாவது பொய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களின் கூட்டமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயமாக்கல் குறித்து முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ரிசர்வ் வங்கியின் அன்றைய துணை ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. கிளைகளுக்கு வந்தது ‘அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்’ என்ற கருவி. வங்கிக்காரர்கள் வாயில் ஏ.எல்.பி.எம். லெட்ஜர் பதிவும் இருப்புக் கணக்கும் செய்யும். அதற்கு மேல் போகாது. எத்தனை கருவி, எந்த அளவுள்ள கிளையில், எந்தெந்த வேலைக்கு என்பதெல்லாம் பேசி வரையறுக்கப்பட்டன. 1987இல் அடுத்த ஒப்பந்தம். 1989இல் ரங்கராஜனின் இரண்டாவது குழு, இந்த முறை முழுக் கணினிமயமாக்கல் பற்றி அறிக்கை தந்தது. 1993 அக்டோபரில் இன்னொரு ஒப்பந்தம். ஒவ்வொன்றிலும் வேலி கொஞ்சம் தள்ளிப் போடப்பட்டது.

நிர்வாகம் கொடுத்தது என்ன? வேலையில் இருக்கும் யாரையும் கணினியைக் காரணம் காட்டி வெளியே அனுப்புவதில்லை. கருவியை இயக்குகிறவருக்கு மாதச் சிறப்புப்படி. ஊழியர்களுக்குப் பயிற்சி, அதுவும் வங்கியின் செலவில், வேலை நேரத்தில். இவற்றில் சிறப்புப்படி செய்த மாயம் தனி. சங்கக் கூட்டத்தில் கணினிக்கு எதிராக முழக்கமிட்டவரே அடுத்த வாரம் இயக்குபவர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று விசாரிக்கும் நிலை வந்தது. இதைப் போலித்தனம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆதாயத்தில் பங்கு வேண்டும் என்று 1957இல் தாளில் எழுதியது, மாதச் சம்பளச் சீட்டில் ஒரு வரியாக வந்து சேர்ந்தது. அவ்வளவுதான். பங்கு கிடைத்த பிறகு எதற்கு எதிர்க்க வேண்டும்?

ஆனால் இந்தச் சமாதானத்துக்கு ஒரு விலை இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். வேலியிட்டு வந்த கருவிகள் ஒன்றோடொன்று பேசாத தீவுகளாக இருந்தன. ஒரு கவுன்டரின் கருவிக்கு அடுத்த கவுன்டரின் கணக்கு தெரியாது. நம்பிக்கை வரும் வரை லெட்ஜரையும் எழுதி, கருவியிலும் ஏற்றும் இரட்டை வேலை நீடித்தது. மாலையில் இரண்டின் இருப்பையும் ஒப்பிட வேண்டும். மின்சாரம் போனால் பழையபடி பேனா. கூடத்தில் ஊழியர்கள் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருக்க, கருவிக்கு மட்டும் குளிரூட்டிய கண்ணாடி அறை. உள்ளே போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். இந்த அறையைப் பார்த்து ஊழியர்கள் அடித்த கிண்டலை எந்தக் குழுவின் அறிக்கையும் பதிவு செய்யவில்லை. ஆனால் நிர்வாகம் எதை மதிக்கிறது என்பதை அந்தக் கண்ணாடிக் கதவு தினமும் காட்டிக்கொண்டிருந்தது.

வாடிக்கையாளர் இழந்ததும் கொஞ்சமல்ல. சேமிப்புக் கணக்கு வட்டியைப் பாருங்கள். மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. 11ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி இல்லை. 30ஆம் தேதி ஒருநாள் எடுத்தாலும் போச்சு. கையால் கணக்குப் போட்ட காலத்துக்கு ஏற்ற எளிய ஏற்பாடு அது. தினசரி இருப்புக்கு வட்டி என்பது 2010 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. தாமதத்துக்குச் சங்கங்களை மட்டும் பழிப்பது நியாயமில்லை. ஆனால் மெதுவாகப் போனதன் செலவைச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த ஓய்வூதியக்காரரும் சேர்ந்துதான் சுமந்தார்.

ஊழியரைக் கூட்டி வைத்துப் பேசினால் எதிர்ப்பு குறையும் என்பதற்கு நிர்வாகவியலில் அடிக்கடி காட்டப்படும் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் ஆலை. அங்கே வேலைமுறை மாற்றத்தை வெவ்வேறு குழுக்களிடம் வெவ்வேறு விதமாகக் கொண்டுபோய்ப் பார்த்த ஆய்வு 1948இல் வெளியானது. வெறுமனே அறிவித்துவிட்டு மாற்றிய குழுவில் உற்பத்தி சரிந்தது. முதல் 40 நாட்களில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். எல்லோரையும் திட்டமிடலில் சேர்த்துக்கொண்ட குழுக்களோ விரைவில் பழைய வேகத்தைத் தாண்டின. நல்ல ஆய்வுதான். ஆனால் அந்தத் தையல்காரர்களின் வேலை மாறியதே தவிர, வேலையே இல்லாமல் போகும் என்ற கேள்வி அங்கே மையமாக இல்லை. வங்கியில் மையக் கேள்வியே அதுதான். ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்ற அழைப்பு, வேலை நிலைக்கும் என்ற எழுத்துப்பூர்வ உறுதிக்கு ஈடாகாது. உறுதி கிடைத்த பிறகு கேட்கும் கருத்து பயன்படும். அதற்கு முன்னால் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். எந்த வேலை வீண், எந்தப் பதிவேடு தேவையில்லை என்பதெல்லாம் எழுத்தருக்குத்தான் தெரியும். தன் நாற்காலியைக் காலி செய்யும் தகவலை அவர் ஏன் தருவார்?

எதிர்ப்பு எழுத்தர்களிடம் மட்டும் இருந்தது என்று எண்ணுவதும் பிழை. கணக்கு மெதுவாக ஒத்துப்போகும் உலகத்தில் ஆதாயம் பார்த்தவர்கள் மேலே இருந்தார்கள். 1992 பங்குச் சந்தை மோசடியில், அரசுப் பத்திரங்களுக்கு ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகம் கையால் எழுதி வந்த பதிவேடுகளின் தாமதம் எவ்வளவு வசதியாக இருந்தது என்பது பின்னர் வெளிவந்தது. கிளைகளுக்கு இடையிலான கணக்குகள் ஆண்டுக்கணக்கில் ஒத்துப்பார்க்கப்படாமல் கிடந்தன. மேலே இருந்த இந்த எதிர்ப்புக்குக் கொடி கிடையாது, முழக்கம் கிடையாது. ஆகவே அதைக் கையாள யாரும் பயிற்சி முகாம் நடத்துவதும் கிடையாது. கோப்பு நகராது, கொள்முதல் முடியாது, ஒரு டெண்டருக்குப் பிறகு இன்னொரு டெண்டர் வரும். கடைசியில் அதை உடைத்தவர் தொழில்நுட்ப வல்லுநரும் அல்ல, வங்கியாளரும் அல்ல. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல். வங்கிகள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தை 2001 ஜனவரி 1க்குள் கணினிமயமாக்கியே தீர வேண்டும் என்று அவர் 1998இல் உத்தரவிட்டார். ஊழல் தடுப்பு என்ற பெயரில் வந்த உத்தரவை எதிர்த்து வெளிப்படையாகப் பேச எந்தத் தலைமை அலுவலகத்துக்கும் துணிவில்லை. சங்கங்களுக்கும் அது சங்கடமான கேள்வி.

இதற்குள் வெளியுலகம் மாறிவிட்டது. 1990களின் நடுவில் வந்த புதிய தனியார் வங்கிகள் முதல் நாளிலிருந்தே கணினியோடு பிறந்தவை. பக்கத்துத் தெருவில் ஏ.டி.எம். வந்த பிறகு, டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போகத் தொடங்கினார். வேலையைக் காப்பாற்ற வேண்டுமானால் வாடிக்கையாளர் வேண்டும் என்பது சங்கத் தலைவர்களுக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. 2003இல் பாரத ஸ்டேட் வங்கி மையக் கணினி முறைக்கு மாறத் தொடங்கியது. 2008இல் அதன் கிளைகள் எல்லாம் ஒரே வலையில் வந்துவிட்டன. 1960களில் ஒரு கட்டடத்தின் வாசலில் நின்றுபோன விஷயம், இந்த முறை பெரிய போராட்டம் எதுவும் இல்லாமல் நடந்து முடிந்தது.

ஆட்குறைப்பு இல்லை என்ற வாக்கு காப்பாற்றப்பட்டதா? எழுத்துப்படி, காப்பாற்றப்பட்டது. 2000–01இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தன. 15 ஆண்டு பணி அல்லது 40 வயது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 60 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு, மீதமுள்ள பணிக்காலச் சம்பளத்தை அது தாண்டாமல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். தொகையைக் கணக்குப் போட்டுப் பார்த்து, மகள் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, தாமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போனவர்களில் கணினியில் நன்கு பழகியவர்களும் இருந்தார்கள் என்பது நிர்வாகங்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஒரு கூட்டம். அவர்கள் எந்த ஒப்பந்த மேசையிலும் உட்காரவில்லை, ஏனென்றால் அவர்கள் ஊழியர்களே அல்ல. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் பட்டம் முடித்துவிட்டு, தட்டச்சு மேல்நிலைத் தேர்வும் எழுதிவிட்டு, வங்கித் தேர்வுக்கான கையேடுகளோடு நூலகத்தில் உட்கார்ந்திருந்த தலைமுறை அது. 1990களின் பிற்பாதியில் எழுத்தர் பணிக்கு ஆளெடுப்பது ஏறக்குறைய நின்றே போனது. வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்களும் கலைக்கப்பட்டன. மீண்டும் பெரிய அளவில் ஆளெடுப்பு தொடங்கியபோது அவர்களில் பலர் வயது வரம்பைத் தாண்டிவிட்டார்கள். இருப்பவருக்குப் பாதுகாப்பு, வரப்போகிறவருக்குக் கதவடைப்பு என்பதுதான் இயல்பான ஓய்வின் மூலம் ஆள் குறைப்பதன் பொருள். எதிர்ப்பில்லாமல் மாற்றம் செய்ய இதைவிட வசதியான வழி எந்த நிர்வாகத்துக்கும் கிடைத்ததில்லை. எதிர்க்க வேண்டியவர்கள் இன்னும் உள்ளே வரவில்லையே.

இன்று மென்பொருள் அலுவலகங்களிலும் அழைப்பு மையங்களிலும் செயற்கை நுண்ணறிவு வரும்போது, வங்கிகளில் இருந்த அந்த மேசை அங்கே இல்லை. தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. அமைத்தவர்கள் மிகச் சிலர். அதனால் அங்கே எதிர்ப்பு இல்லை என்று நிர்வாகம் மகிழலாம். இருக்கும் எதிர்ப்பு வேறு வடிவம் எடுக்கிறது. வேண்டிய தகவலைத் தராமல் இருப்பது, புதிய கருவியின் விடையை மறுபடி கையால் சரிபார்த்து நேரத்தைக் கடத்துவது, இரவோடு இரவாக வேறு வேலை தேடிக்கொள்வது. பேச ஆள் இருந்தால் பேரம் பேசலாம். ஆள் இல்லாத இடத்தில் யாரோடு ஒப்பந்தம் போடுவது?

வங்கி ஒப்பந்தங்களிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எத்தனை வேலை, என்ன படி, எந்தக் கருவி என்றெல்லாம் பேசியவர்கள், மிச்சமாகும் நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று பேசவில்லை. லெட்ஜர் எழுதிய கைகளுக்குப் பிறகு கிடைத்த வேலை, கவுன்டருக்கு வருகிறவரிடம் காப்பீடும் பரஸ்பர நிதியும் விற்பது. வட்டார அலுவலகத்திலிருந்து இலக்கு வரும், மாலையில் எண்ணிக்கை கேட்டு அழைப்பு வரும். இன்று வங்கி ஊழியர்களிடம் பேசிப் பாருங்கள். கணினியைப் பற்றி ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். இலக்கைப் பற்றியும், ஆள் பற்றாக்குறையைப் பற்றியும், வேலை முடியாமல் வீட்டுக்குப் போகும் நேரத்தைப் பற்றியும் சொல்லி முடிக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதாது.